படிப்புச் செலவுக்காக அமெரிக்கப் படையில் சேர்வது: எங்கே தவறு நடக்கிறது?

நியூ ஜெர்சியில் நண்பர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வழவழப்பான நான்கு கையேடுகள் கிடந்தன. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகன் ஒரே வாரத்தில் நான்கு படைகளின் ரெக்ரூட்டர்களையும் (ஆள் சேர்க்கும் அதிகாரிகளையும்) பார்த்துவிட்டு வந்திருந்தான். "அங்கிள், எந்தப் படை காலேஜுக்கு அதிகமா பணம் தருது?" என்று கேட்டான். அம்மா சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியே முதல் தவறு. படிப்புக்கான பெரிய தொகை வருவது, படையில் பணியாற்றியவர்களுக்கான 'போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்' என்ற சட்டத்திலிருந்து. 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இது தரைப்படை, கடற்படை, மரீன், விமானப்படை, ஸ்பேஸ் ஃபோர்ஸ், கோஸ்ட் கார்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 36 மாதப் படிப்புக்குப் பணம் கிடைக்கும். அரசுக் கல்லூரி என்றால் உள்மாநிலக் கட்டணம் முழுவதும், தனியார் கல்லூரி என்றால் ஓர் ஆண்டு வரம்பு வரை (2025-26 கல்வியாண்டில் அது 30,000 டாலருக்குச் சற்றுக் குறைவு). கூடவே வீட்டு வாடகைப்படி, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை. "எங்க படையில சேர்ந்தா காலேஜ் ஃப்ரீ" என்று ஒரு ரெக்ரூட்டர் சொன்னால் அது பொய்யில்லை. பக்கத்து அறை ரெக்ரூட்டரும் அதையே சொல்லலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் எதில்தான் வித்தியாசம்? ஒப்பந்தத்தில். எத்தனை ஆண்டு, முழுநேரமா பகுதிநேரமா, என்ன வேலை என்ற மூன்றையும் பார்க்காமல் சீருடையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பிறகு கையைப் பிசைகிறார்கள்.

மாதக் கணக்கிலிருந்து தொடங்கலாம். முழுநேரப் பணியில் 36 மாதம் முடித்தால் சலுகை 100 சதவீதம். 30 மாதம் தாண்டி 36-ஐத் தொடாவிட்டால் 90. ஆறு மாதம் தாண்டி 18-க்குள் என்றால் 60 மட்டுமே. மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டவர் கல்லூரி தொடங்குகிறதே என்று ஒரு மாதம் முன்னதாகவே பணியிலிருந்து விடுவிப்பு வாங்கி வெளியேறினால், ஆயுள் முழுக்க 90-இலேயே நிற்க நேரலாம். தனியார் கல்லூரியில் வரம்புக்கு மேல் போகும் கட்டணத்தைக் கல்லூரியும் அரசும் பகிர்ந்துகொள்ளும் 'யெல்லோ ரிப்பன்' திட்டம் பொதுவாக 100 சதவீதம் உள்ளவர்களுக்குத்தான். அந்த ஒரு மாதம் அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இன்னொன்று, பணியிலிருந்து விடுவிக்கும்போது தாளில் 'ஹானரபிள்' என்று இருக்க வேண்டும். 'ஜெனரல்' என்று எழுதியிருந்தால் மருத்துவம் போன்ற வேறு சில சலுகைகள் கிடைக்கும், ஜி.ஐ. பில் கிடைக்காது.

பகுதிநேரப் படைகளான நேஷனல் கார்டும் (மாநிலங்களின் கீழ் உள்ளது) ரிசர்வும் தனிக் கதை. மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி, மற்ற நாளெல்லாம் கல்லூரி. கேட்கவே இனிக்கிறது. ஆனால் அந்த வார இறுதிப் பயிற்சிகள் போஸ்ட் 9/11 கணக்கில் ஏறாது. ஆறு ஆண்டு ஒப்பந்தக்காரர்களுக்கு ரிசர்வுக்கென்றே உள்ள சிறிய ஜி.ஐ. பில் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. அதை வைத்துக் கட்டணம் கட்ட முடியாது. நேஷனல் கார்டின் உண்மையான பலம் மாநிலம் தரும் சலுகையில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் மாநிலத்தின் பொதுக் கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு 15 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) வரை கட்டண விலக்கு உண்டு. மாநிலம் மாறினால் விதியும் மாறும். அதனால் எந்த மாநிலத்துக் கார்டில் சேருகிறீர்கள் என்பதைக் கல்லூரியோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். நடுப் பருவத்தில் வெளிநாட்டுப் பணிக்கு அழைப்பு வந்தால் படிப்பு பாதியில் நிற்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணியில் இருக்கும்போதே படிக்கலாம் என்று சேர்பவர்களுக்கு 'டியூஷன் அசிஸ்டன்ஸ்' இருக்கிறது: கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை, ஆண்டுக்கு 4,500 டாலர் உச்சவரம்பு. படைப்பிரிவுகளின் வித்தியாசம் நிஜமாகவே தெரிவது இங்கேதான். அதுவும் பணத்தில் இல்லை, நேரத்தில். விமானப்படைத் தளத்தில் அலுவலக வேலை பார்ப்பவர் மாலையில் வகுப்புக்குப் போகலாம். அவர் பயிற்சியையே கிரெடிட்டாக்கி அசோசியேட் (இரண்டு ஆண்டு) பட்டம் தர அவர்களுக்கென்று ஒரு கல்லூரியும் உண்டு. நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவருக்கோ மரீன் காலாட்படையில் இருப்பவருக்கோ மாலை என்று ஒன்று இருந்தால்தானே வகுப்பு? கடற்படையின் அணு உலை வேலைக்குப் பயிற்சி பிரமாதம், ஆனால் ஒப்பந்தம் ஆறு ஆண்டு. 18 வயதில் சேர்ந்தவர் 24-இல்தான் முழுநேர மாணவராக முடியும்.

இதில் ஓசைப்படாமல் பணத்தைக் கரைக்கும் தவறு ஒன்று உண்டு. சிலர் பணியில் இருக்கும்போதே டியூஷன் அசிஸ்டன்ஸை விட்டுவிட்டு ஜி.ஐ. பில்லை எடுத்துச் செலவழிக்கிறார்கள். பணியில் இருப்பவருக்கு அதில் வாடகைப்படி கிடையாது. பல ஊர்களில் அந்த வாடகைப்படிதான் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. 36 மாதத்தில் ஒவ்வொன்றாக அரைகுறைப் பலனுக்குக் கரைந்துபோகும். வெளியே வந்த பிறகும் எல்லா வகுப்பையும் ஆன்லைனிலேயே எடுத்தால் வாடகைப்படி தேசிய சராசரியில் பாதியாகிவிடும். ஒரே ஒரு வகுப்பையாவது நேரில் போய் உட்கார்ந்து படிப்பது ஏன் என்று இப்போது புரியும்.

அடுத்து, கல்லூரியில் படிக்கும்போதே படை அதிகாரியாகப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. திட்டம். நம் பெற்றோர்களுக்கு இதுதான் பிடிக்கும்: முதலில் கல்லூரி, அப்புறம் அதிகாரியாகப் பணி. உதவித்தொகை பெற்றவர் முதல் ஆண்டுக்குள் விலகினால் பொதுவாகக் கடன் எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டால் பிடி இறுகும். பட்டம் பெற்றபின் பொதுவாக நான்கு ஆண்டு முழுநேரப் பணி, கடற்படையில் ஐந்து, விமானப்படையில் விமானி ஆனால் பயிற்சி முடிந்தபின் பத்து. அந்தக் கட்டாய ஆண்டுகள் ஜி.ஐ. பில் கணக்கில் சேராது என்பது பலருக்கு எம்.பி.ஏ. படிக்கப் போகும்போதுதான் தெரிகிறது. கோஸ்ட் கார்டில் ஆர்.ஓ.டி.சி.யே கிடையாது.

இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் விசா நிலை. ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகைக்குக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம், ஆனால் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகள் மூடியிருக்கும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சேர முடியாது. "எங்க சொந்தக்காரப் பையன் விசாவிலேயே சேர்ந்தானே" என்பார்கள். அது கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறன் போன்றவற்றுக்காகச் சேர்த்துக்கொண்ட, 2009-இல் தொடங்கிய மாவ்னி என்ற திட்டம், அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாக, வாய்ப்பேச்சு. ரெக்ரூட்டர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் வேலைப் பிரிவு, போனஸ், ஆண்டுகள் எதுவானாலும் ஒப்பந்தத்தின் இணைப்புத் தாளில் இல்லையென்றால் அது இல்லை. நண்பர் மகன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்த தாளில் 'நான்கு ஆண்டு' என்றுதான் அவன் படித்திருந்தான். மொத்தக் கடமை எட்டு ஆண்டு, மீதி நான்கு ஆண்டும் பெயர் பட்டியலில் இருக்கும், தேவைப்பட்டால் அழைப்பார்கள் என்ற வரியை அவன் அம்மாதான் விரல் வைத்துக் காட்டினார்.

கையெழுத்துப் போட்டாயிற்றே என்று அவன் தலையில் கை வைத்தான். ஆனால் முதலில் போடுவது காத்திருப்புப் பட்டியலுக்கான கையெழுத்துதான். பயிற்சிக்குப் புறப்படும் நாளில் இன்னொரு முறை உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ளலாம், தண்டனை கிடையாது. இதைச் சொன்னதும் அவன் அம்மா கையேடுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தத் தாள்களை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.