க்வைதான் படத்தை எப்படிப் பார்ப்பது?

1964-ல் ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷி எடுத்த க்வைதான் மூன்று மணி நேரப் படம், நான்கு தனித்தனிப் பேய்க்கதைகள், அதனால் ஒரே மூச்சில் பார்க்காமல் ராத்திரிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரப் பதிப்பு கிடைத்தால் தொடாதீர்கள், பனிப்பெண் கதையையே வெட்டியிருப்பார்கள். வானத்தில் வரைந்த கண்கள் நம்மையே முறைக்கும் கதை அது!

விளக்கை அணையுங்கள். ஹெட்போன் கட்டாயம், ஏனென்றால் தோரு தகெமிட்சுவின் இசையில் மௌனம்தான் அதிகம், நடுவில் மரம் பிளக்கிற சத்தம் வரும்போது முதுகு சில்லிடும்.

அப்புறம் ஹோயிச்சி என்பவனின் கதை. 1185-ல் தன்னோஉரா கடற்போரில் ஹெய்கே குலம் அழிந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும், பீவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம் வாசிக்கும் அந்தப் பார்வையற்ற கலைஞனைத் தேடி வருவது யாரென்று புரிந்துவிடும். கடைசிக் கதை முடியாமலே நிற்கும். பிரிண்ட் கோளாறு இல்லை, கதையே அப்படித்தான்.