விலைப்பட்டியலைச் சுத்தம் செய்ய: குப்பை போகட்டும், புள்ளி இருக்கட்டும்

மொத்த வியாபாரிகள் வாட்ஸப்பில் அனுப்பும் விலைப்பட்டியலைப் பைத்தானில் சுத்தம் செய்து, எங்கள் மளிகைக் கடையின் பில் மென்பொருளில் ஏற்றுவது என் வேலை. ஒரு வரி இப்படி வரும்:

🌶️*வர மிளகாய்* ..... ₹1,250/-

இதற்கு எல்லோரும் கைகாட்டுவது பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w). ரெஜெக்ஸ் என்ற தேடல் குறிமுறையில் 'எழுத்து அல்லது எண்' என்பதற்கான குறி அது. தமிழுக்கு அதை நம்பாதீர்கள். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் மாட்யூல் கொம்பு, கால், மெய்ப்புள்ளி எதையும் எழுத்தாக மதிப்பதில்லை. 'வர மிளகாய்' போய் 'வர மளகய' வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம், தமிழ் மொத்தமும் காலி.

எதை நீக்குவது என்று பட்டியல் போட்டால் எமோஜிக்கே முடிவிருக்காது. எதை வைத்துக்கொள்வது என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வரியாக எடுத்து, இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் எண்களுக்கு நடுவே உள்ள கமாவை நீக்குங்கள். இல்லாவிட்டால் 1,250 இரண்டு எண்ணாக உடையும்:

(?<=[0-9]),(?=[0-9])

அடுத்து, தமிழ் எழுத்து, எண், தசமப் புள்ளி (.), இடைவெளி தவிர்த்த அனைத்துக்கும் பதில் ஓர் இடைவெளி:

[^ஃ-௺0-9. ]+

ஆய்த எழுத்தில் தொடங்கும் இந்த எல்லைக்குள் உயிர், மெய், குறிகள், கிரந்த எழுத்துகள் எல்லாம் அடங்கும். ஆங்கில எழுத்தும் வேண்டுமென்றால் அதன் எல்லையையும் உள்ளே சேருங்கள். வெறுமனே நீக்காமல் இடைவெளி போடுவது ஏன்? 'உளுந்து/பாசிப்பயறு' என்று வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. க், ஷ இரண்டும் க்ஷ ஆகிவிடாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சிலர் நடுவில் வைப்பார்கள். அங்கே இடைவெளி விழுந்தால் சொல் உடையும். அந்த அகலமில்லாக் குறிகளை மட்டும், அவற்றின் யூனிகோட் எண்ணைக் கொடுத்து, இதற்கு முன்பே அடியோடு நீக்கிவிடுங்கள்.

அப்புறம் புள்ளி வரிசை. 62.50 என்பதில் உள்ளது தங்க வேண்டும், மற்றவை இடைவெளியாக வேண்டும்:

(?<![0-9])\.|\.(?![0-9])

கடைசியாக, தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாக்கி, இரு ஓரங்களையும் நறுக்கினால் கிடைப்பது:

வர மிளகாய் 1250

பில்லில் ஏற்றும் முன் நான் தவறாமல் பார்ப்பது ஒன்று: சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் மெய்ப்புள்ளிகளை எண்ணிவிடுவேன். எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்தக் கோப்பை ஏற்ற மாட்டேன்.