ஔகாரத்துக்கு ள போடாதீர்கள்: தமிழ்த் தட்டச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகத் தட்டச்சு பழகுபவர் ஒருவர் ‘கௌரி’ அடிப்பதைப் பார்த்தேன். க, எ, ள, ர, இ. திரையில் சரியாகத்தான் தெரிந்தது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஔகாரமும் ளகரமும்

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘கௌ’ என்பது ககரமும் ஔகாரக் குறியும், இரண்டே குறியீடுகள். அந்தக் குறியின் வலப்பக்கத் துண்டு ள மாதிரி இருக்கும், அவ்வளவுதான். க, எ, ள என்று அடித்தால் உள்ளே போவது ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என மூன்று. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு கும்பாபிஷேக மலருக்கு நன்கொடையாளர் பட்டியலில் பாதியை நான் அடித்தேன், மீதியை இன்னொருவர். அகர வரிசையைக் கணினியிடம் விட்டோம். அவர் அடித்த சௌந்தரராஜன்கள் சோமசுந்தரத்துக்குப் பின்னால் முறையாக நின்றார்கள். நான் அடித்தவர்கள் செல்வம், செழியன் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் தம் பெயரே இல்லை என்று மலரை மேசையில் வீசிவிட்டுப் போனார். பெயர் இருந்தது, இரண்டு பக்கம் தள்ளி. மறுபதிப்புச் செலவு என் தலையில்.

அதோடு விட்டேனா? கொம்பும் ளகரமும் சேர்ந்த இடமெல்லாம் ஔகாரக் குறியாக ஒரே சொடுக்கில் மாற்றினேன். வெள்ளி ‘வௌ்ளி’ ஆனது. வெளியூர் ‘வௌியூர்’ ஆனது. இன்றும் இணையத்தில் ‘வௌியீடு’ கண்ணில் பட்டால் எரிச்சல் வருகிறது.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், ளகரத்துக்கு அடுத்து இருப்பதைப் பாருங்கள். புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது அசல் ள, தொடாதீர்கள். வெறும் ளகரமாக நின்றால் பெரும்பாலும் ஔகாரம்தான்: மௌனம், பௌர்ணமி. அப்படியும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுகிறேன். இத்தனைக்கும் தமிழ்99 விசைப்பலகையில் ஔ இசட் விசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஔவையாருக்கும் அதே விசைதான்.

கொம்பை முன்னால் தேடுவது

தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் வியாதி. பொறியில் கொம்பு முதலில் வரும். யூனிகோடு மெய்யை முதலில் வைத்துக் கொம்பைப் பிறகு சேமிக்கும். தமிழ்99-இல் கொம்புக்கென்று விசை தேட வேண்டாம். க, எ என்று சொல்லும் வரிசையிலேயே அடித்தால் ‘கெ’ வந்துவிடும்.

துணைக்காலுக்கு ர

வேண்டாம்.

ஒற்றுக்கெல்லாம் புள்ளி

தமிழ்99-இல் ‘பக்கம்’ அடிக்க ப, க, க, ம, புள்ளி போதும். முதல் க தானே ஒற்றாகிவிடும். ‘பந்து’வில் ந-வும் அப்படித்தான்.