மாவு ஓடுகிறது, காசு நிற்கவில்லை: ஒரு கிலோவுக்கு அடக்க விலை போடும் விதம்

சின்ன ஷெட் ஒன்றைப் பிடித்து இட்லி மாவு அரைத்து, கிலோ 50 ரூபாய்க்குக் கடைகளுக்குப் போடுகிறோம். ஐந்தாவது மாதம் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஒரு நாள் விடாம அரைக்கிறோம், கையில ஒண்ணும் நிக்கலையே?" அதற்குப் பதில் தேடப் போய்க் கற்றுக்கொண்ட கணக்கு இது.

படி 1: செலவை இரண்டாகப் பிரியுங்கள்

அரைத்தால் மட்டும் ஆவது மாறும் செலவு. கடையைப் பூட்டி வைத்தாலும் ஆவது மாறாத செலவு. எங்கள் மாறாத செலவு மாதம் 17,000: வாடகை 6,000, உதவிக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் 9,000, ஃபிரிட்ஜ் கரண்டும் போனும் 1,300, கிரைண்டர் தேய்மானம் 700 (42,000 ரூபாய் மிஷின், 5 வருஷம் உழைக்கும் என்று வைத்தேன்).

படி 2: எந்தக் கிலோவால் வகுப்பது?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு தடவை அரைப்பதற்கு, 8 கிலோ அரிசி 352, 2 கிலோ உளுந்து 260, வெந்தயமும் உப்பும் 18, கரண்ட் 26, 24 கவர் 48. மொத்தம் 704 ரூபாய். மாவு 25 கிலோ வருகிறது. 704-ஐ 25-ஆல் வகுத்து, கிலோ 28 ரூபாய் சொச்சம் என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தராசை எடுத்து வந்து ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்துப் பார்த்தேன். கல்லிலும் டிரம்மிலும் ஒட்டிக்கொண்டு போவது 1 கிலோ. புளித்துப்போய்க் கடையிலிருந்து திரும்பி வருவது 2 கிலோ. காசாவது 22 கிலோதான். இதை இயல்பு இழப்பு என்பார்கள்; அந்தச் செலவையும் விற்கும் மாவுதான் சுமக்க வேண்டும். 704-ஐ 22-ஆல் வகுத்தால் 32 ரூபாய். கிலோவுக்கு நாலு ரூபாய்க்குப் பக்கம் கண்ணில் படாமலே போய்க்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் தனி ஆப் வேண்டாம். நல்ல டிஜிட்டல் தராசும் கூகுள் ஷீட்டும் போதும். உளுந்துக்கு மட்டும் இன்றைய விலையைப் போடுங்கள், போன மாதம் மூட்டை வாங்கிய விலையை அல்ல. அடுத்த மூட்டையை இன்றைய விலைக்குத்தானே வாங்கப் போகிறீர்கள்?

படி 3: பங்களிப்பு

50-இல் 32 போக மிச்சம் 18. மாறாத செலவை அடைக்க ஒவ்வொரு கிலோவும் தருவது இவ்வளவுதான்; இதற்குப் பெயர் பங்களிப்பு. 17,000-ஐ 18-ஆல் வகுத்தால் 945 கிலோ. மாதம் அவ்வளவு விற்றால்தான் கையைக் கடிக்காது. நாங்கள் தினம் ஒரு ஈடு, அதாவது மாதம் 660 கிலோ விற்றுக்கொண்டிருந்தோம். 5,120 ரூபாய் நஷ்டம்! இரண்டு ஈடாக்கி 1,320 கிலோ போன பிறகுதான் 6,760 லாபம் வந்தது.

படி 4: முழு அடக்கமா, மார்ஜினலா?

மாறாத செலவையும் கிலோவுக்குக் கிலோ பங்கு போட்டால் அது முழு அடக்க விலை. 660 கிலோவில் அது 57.76, 1,320-இல் 44.88. மாவு என்னவோ அதே மாவுதான்.

ஒரு மெஸ்காரர் தினம் 10 கிலோ, 42 ரூபாய்க்குக் கேட்டார். முழு அடக்கத்தைப் பார்த்தால் நஷ்டம். கூடுதலாக ஆகும் செலவை மட்டும் பார்க்கும் மார்ஜினல் கணக்கிலோ, வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே எடுத்தாயிற்று, கூடுதல் செலவு 32தான். கிலோவுக்கு 10 ரூபாய் மிச்சம். கிரைண்டர் சும்மா நிற்கும் நேரம் இருந்ததால் ஒத்துக்கொண்டேன். ஆனால் எல்லாக் கடைக்கும் 42 என்று இறக்கினால் வாடகையை யார் கொடுப்பது? வருஷ விலை வைக்க முழு அடக்கம், இந்த மாதிரி ஒற்றை ஆர்டருக்கு மார்ஜினல். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "உங்கள் இரண்டு பேர் கூலி எங்கே?" என்று கேட்டார். நியாயம்தான், விட்டுவிட்டேன். இருவருக்கும் சேர்த்து வெறும் 10,000 போட்டாலும் மாறாத செலவு 27,000 ஆகிறது, விற்க வேண்டியது 1,500 கிலோ. மெஸ் ஆர்டரில் வரும் 3,000-ஐச் சேர்த்தும் எங்கள் கைக்கு வருவது 9,760. இன்னும் 240 ரூபாய் குறைகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.