அயோவாவின் உச்சிக்கு ஒரு பகல் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

மூட்டு வலி, கைக்குழந்தை, மலையேறிப் பழக்கமில்லை என்று தயங்குகிறவர்களும் தாராளமாகப் போகக்கூடிய உச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் வடமேற்கில், மினசோட்டா மாநில எல்லையை ஒட்டிய ஒசியோலா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் ஹாக்ஐ பாயின்ட். உயரம் 1,670 அடி. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற விவசாய பூமி. அந்தக் கவுண்டியில் இதைவிட உயர்ந்த தரை கிடையாது, மாநிலத்திலேயே கிடையாது.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நல்லது. சோளம் ஆளுயரம் வளர்வதற்கு முன், ஜூன் தொடக்கத்தில் போனால் நாலா பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். பனிக்காலம் வேண்டாம். தடுக்க மரமோ மேடோ இல்லாததால் காற்று பனியை வாரிக்கொண்டு வந்து சாலையில் குவித்துவிடும். கோடையிலும் இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெட்டவெளியில் நீங்கள்தான் உயரமாக நிற்பீர்கள்.

படி 2: வழி

மினியாபோலிஸிலிருந்து வந்தால் மான்கேட்டோ, வொர்திங்டன் வழியாக 60-ஆம் நெடுஞ்சாலை. சூ ஃபால்ஸிலிருந்து என்றால் ஐ-90 நெடுஞ்சாலையில் வொர்திங்டன் வந்து தெற்கே திரும்புங்கள். எல்லையைத் தாண்டி ஏறக்குறைய இரண்டரை மைலில் இடம் வந்துவிடும். சிப்லி ஊர் வரை போய்விட்டால் நாலைந்து மைல் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை மூன்றையும் வொர்திங்டனிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: உச்சியை அடையாளம் காணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். காரை நிறுத்தி இறங்கினால் மலை எங்கே என்று தேடுவீர்கள். தீவனம் சேமிக்கும் உயரமான சைலோ கோபுரம் ஒன்று நிற்கும், பண்ணைக் கொட்டகை இருக்கும், அவ்வளவுதான். பல காலம் இது ஒரு குடும்பத்தின் மாட்டுப் பண்ணை. மாநிலத்தின் உச்சி, நீளமான தீவனத் தொட்டி ஒன்றின் கடைசியில் இருந்தது! தேடி வந்த அத்தனை பேரையும் அவர்கள் தங்கள் முற்றத்துக்குள் விட்டார்கள். பிறகு அந்த இடத்தைக் கவுண்டிக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைத்துக்கொண்டு நடங்கள்.

காரிலிருந்து உச்சிக்குச் சில நிமிட நடைதான். தரையில் பதித்த ஓட்டுச் சில்லு ஓவியம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மற்ற மாநிலங்களின் உச்சிகள் எந்தத் திசையில், எத்தனை மைலில் என்று சொல்லும் பலகைகளும் உண்டு. குழந்தைகள் அதிலேயே அரை மணி நேரம் கழித்துவிடுவார்கள்.

ஐபோனில் காம்பஸ் செயலியைத் திறந்தால் கடல் மட்ட உயரம் வரும். 1,670 என்று சரியாகக் காட்டவில்லையா? கவலை வேண்டாம், செல்போன் கணக்கில் பல அடிகள் முன்பின்னாக இருக்கும். மாநிலத்தின் தாழ்ந்த இடமான தென்கிழக்கு மூலையிலுள்ள கியோகக் 480 அடி. மாநிலத்தின் குறுக்கே காரில் வந்தால், ஏறுவதே தெரியாமல் 1,190 அடி ஏறியிருப்பீர்கள். அதனால்தான் உச்சியில் நின்றாலும் உச்சியாகத் தோன்றுவதில்லை.

படி 4: பழைய உச்சிக்கும் போங்கள்

பெரும்பாலானவர்கள் போட்டோ எடுத்துவிட்டு இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிப்லிக்கு வந்து 9-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே பத்துப் பதினோரு மைல் போனால் ஒச்சீடன் என்ற சிற்றூர். அதற்குத் தெற்கே பக்கத்திலேயே ஒச்சீடன் மேடு. 1971-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அளந்து முடிக்கும்வரை இதுதான் அயோவாவின் உச்சி என்று எல்லோரும் நம்பினார்கள். பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள். சமதரையிலிருந்து கவிழ்த்த கூடை போலத் தனியாக எழுந்து நிற்கிறது. உயரம் 1,613 அடிதான், ஹாக்ஐயைவிட 57 அடி குறைவு.

பனியாறு இந்தப் பகுதியை மூடியிருந்த காலத்தில், உருகிய நீர் பனிப்பிளவுக்குள் மணலையும் சரளைக்கல்லையும் கொட்டிக்கொண்டே இருந்தது. பனி கரைந்து போனதும் அந்தக் குவியல் நின்றுவிட்டது. பாதையில் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கூழாங்கற்கள் விதவிதமான நிறத்தில், முனை மழுங்கி, ஆற்றில் உருண்டவை போலவே இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள், இது பாதுகாக்கப்பட்ட இடம். புல்லில் உண்ணி இருக்கும். முழுக்கால் உடை போடுங்கள், காரில் ஏறுமுன் குழந்தைகளின் கணுக்கால், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள்.

ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்து. மேலே போனதும் அப்படியே வடமேற்கே திரும்புங்கள். பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால், உங்கள் காலடியைவிட 57 அடி உயரத்தில் ஹாக்ஐ பாயின்ட் இருக்கிறது. நான் நெடுநேரம் நின்று தேடினேன். காற்றாலைகளும் வயல்களும் நேர்க்கோடாக ஓடும் தொடுவானமும்தான் தெரிந்தன.