கியூப்சாட் சூரியத் தகடு: கீலுக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

விண்கலங்களின் அசையும் பாகங்களை வடிவமைக்கக் கற்க வருபவர்கள் நேராக ரோபோ கை, ரோவர் சக்கரம் என்று போய்விடுகிறார்கள். ஒரே ஒரு கீலில் ஆரம்பியுங்கள் என்பேன். கியூப்சாட் என்பது கனசதுர வடிவச் சிறு செயற்கைக்கோள். 10 செ.மீ. கியூப்சாட்டின் பக்கத்தில் மடங்கியிருக்கும் 100 கிராம் சூரியத் தகடு, கட்டிய நூல் அறுந்ததும் கீலில் உள்ள ஸ்பிரிங்கின் விசையால் 90 பாகை திறந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. திருப்பு விசை என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தடைகளை எழுதுங்கள்

வரைபட மென்பொருளை இப்போது திறக்காதீர்கள். சிமுலேஷனும் வேண்டாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். முதல் வாரம் முழுக்க அதிலேயே ஓடட்டும்.

தகடு 1 நொடியில் திறக்க, அதன் நிலைமத்தை வெல்ல சுமார் 1 நியூட்டன்-மி.மீ. தேவை. கீலின் உராய்வு 0.8, தகட்டிலிருந்து உள்ளே போகும் கேபிளின் விறைப்பு 2 என்று வைத்துக்கொள்வோம்.

ஐரோப்பிய விண்வெளித் தரநிலையான இ.சி.எஸ்.எஸ்., உராய்வையும் கேபிளையும் 3 ஆல் பெருக்கி, அந்தக் கூட்டுத்தொகையை மறுபடி 2 ஆல் பெருக்கச் சொல்கிறது. நிலைமத்துக்கு 1.25 போதும். ஆக 2 × (2.4 + 6) + 1.25, சுமார் 18. ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்து தன் விசையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தாலும் இந்த 18 மிஞ்ச வேண்டும், ஆக நமக்கு 23 நியூட்டன்-மி.மீ. ஸ்பிரிங் வேண்டும். அதுவும் தகடு முழுக்கத் திறந்த நிலையில், அதாவது ஸ்பிரிங் மிகவும் தளர்ந்திருக்கும் இடத்தில்.

அந்த 18ஐ மறுபடி பாருங்கள். 12 கேபிளுடையது!

படி 2: கேபிளை அளப்பது

நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். பாடப்புத்தகங்கள் உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும், கேபிளை ஒரு வரியில் தாண்டிவிடும்.

கேபிளின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறு முனையில் 50 மி.மீ. தென்னை ஈர்க்கைக் கட்டுங்கள். ஈர்க்கின் நுனி நகைத் தராசின் மேல் அழுத்தட்டும். 4 கிராம் காட்டினால் ஏறத்தாழ 2 நியூட்டன்-மி.மீ. ஈர்க்கின் சொந்த எடையை மட்டும் முதலில் கழித்துவிடுங்கள். விலை உயர்ந்த விசைமானியை விட இந்தத் தராசு எனக்குப் பிடிக்கும். 0, 45, 90 பாகைகளில், திறக்கும்போதும் மூடும்போதும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக வராது. ஏதோ ஒரு கோணத்தில் கேபிள் திறக்க உதவுவதுபோலக் காட்டும். அந்த உதவியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் கேபிளைக் குளிர வைத்து மறுபடி அளங்கள். பி.வி.சி. உறை குளிரில் விறைத்துவிடும், வெற்றிடத்தில் வாயுவும் கக்கும். டெஃப்லான் உறை உள்ள மெல்லிய கம்பிகளையே எடுங்கள். அவற்றைக் கீலின் அச்சைச் சுற்றி ஒரு தளர்வான சுருளாக விட்டால், மடங்குவதற்குப் பதிலாக முறுகும். தடை நன்றாகக் குறையும். அளந்து நிரூபித்துவிட்டால், படி 1இல் கேபிளைப் பெருக்கிய அந்த 3ஐக் குறைக்கத் தரநிலையே இடம் தருகிறது.

படி 3: கீல்

அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசவே கூடாது. வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும். உயவுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச்சு நல்லது, ஆனால் ஈரக்காற்றில் உரசினால் தேயும். கிராஃபைட் வேண்டாம், அதற்கு ஈரம் இருந்தால்தான் வழுக்கும். 1991இல் கலிலியோ விண்கலத்தின் குடை போன்ற பெரிய ஆன்டெனா முழுக்க விரியாமல் போனதற்கு, லாரிப் பயணங்களின் அதிர்வில் உலர் உயவுப் பூச்சு தேய்ந்ததே காரணமாக இருக்கும் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள்.

இரண்டு கீல்களில் ஒன்றை மட்டும் அச்சுத் திசையில் நகராதபடி பொருத்துங்கள். மற்றதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். தகடும் அலுமினிய உடலும் குளிரில் ஒரே அளவு சுருங்குவதில்லை, 80 மி.மீ. இடைவெளியில், 60 பாகை குளிர்ந்தால் சுமார் 40 மைக்ரான் வித்தியாசம் வரும். கீல் இறுகிக்கொள்ள அது போதும்.

படி 4: மோதல்

உண்மையான தடை 2.8 தான், ஸ்பிரிங்கோ 23. எனவே தகடு 1 நொடியில் அல்ல, கால் நொடிக்குள் திறந்து முட்டும். சூரிய செல்கள் கண்ணாடி போன்றவை. நிறுத்தும் இடத்தில் வளைந்து கொடுக்கும் ஒரு மெல்லிய பட்டை வையுங்கள்.

பின்சேர்க்கை: "ஸ்பிரிங் சரியாக இருந்தும் மேசையில் தகடு திறக்கவில்லை" என்று பலர் கேட்டார்கள். தகட்டின் எடையே கீலில் 49 நியூட்டன்-மி.மீ. தடை தரும், நம் ஸ்பிரிங்கைப் போல இரு மடங்கு. கீலின் அச்சு செங்குத்தாக நிற்கும்படி கியூப்சாட்டைத் திருப்பி வைத்துச் சோதியுங்கள்.

இன்னொன்று: நூலை உருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்னோட்டத்தைக் காற்றில் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெற்றிடத்தில் சூட்டை எடுத்துப்போகக் காற்று இல்லை. அதே மின்னோட்டத்தில் கம்பி இன்னும் சூடேறி, நூல் அறும் முன் தானே அறுந்துவிடலாம். வெற்றிடக் கலனில் அளந்து முடிவு செய்யுங்கள். கம்பிகள் இரண்டு இருக்கட்டும், தனித்தனி மின்சுற்றில்.