மேகத்தைக் கழித்துவிட்டு வீராணத்தை அளப்பது: ஸ்நாப்பில் மாஸ்க் போடும் முறை

வீராணம் ஏரியில் எவ்வளவு பரப்பில் தண்ணீர் நிற்கிறது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடுவது, கேட்பதற்குச் சுலபமான வேலை. ஆனால் ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானமும் மூடிக்கிடக்கும். எந்தப் பிக்சலை நம்பலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வதுதான் மாஸ்க். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள், தண்ணீரைப் பிரித்துக் காட்டும் நீர்க்குறியீட்டைக் கணக்கிடும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை.

ஐரோப்பிய விண்வெளி முகமை இலவசமாகத் தரும் ஸ்நாப் என்ற மென்பொருள் போதும். வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட லெவல்-2ஏ படத்தை எடுங்கள். அதோடு, எந்தப் பிக்சல் என்ன வகை என்று சொல்லும் வகைப்பாட்டுப் பட்டை (பேண்ட்) ஒன்றும் வரும். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 11 வரை ஓர் எண் இருக்கும். 3 மேக நிழல், 4 தாவரம், 6 தண்ணீர், 8, 9 இரண்டும் மேகம், 10 மெல்லிய கீற்று மேகம்.

இந்தப் பட்டையின் பிக்சல் 20 மீட்டர். நமக்கு வேண்டிய பச்சைப் பட்டையும் (பி3) அண்மை அகச்சிவப்புப் பட்டையும் (பி8) 10 மீட்டர். அளவு வேறுபட்டால் மூன்றையும் ஒரே சூத்திரத்தில் சேர்க்க ஸ்நாப் சம்மதிக்காது. எனவே முதலில் ராஸ்டர் மெனுவில் ரீசாம்பிளிங்கைத் திறந்து, பி3-ஐ மாதிரிப் பட்டையாகக் கொடுங்கள். பிக்சலைச் சிறிதாக்கும் முறை 'நியரஸ்ட்' ஆகத்தான் இருக்க வேண்டும். வகை எண்களுக்குச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை: 9-க்கும் 3-க்கும் சராசரி 6. மேகத்துக்கும் அதன் நிழலுக்கும் நடுவே, இல்லாத குளம் ஒன்று முளைத்துவிடும்.

இனி ஏதாவது ஒரு பட்டையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, வியூ மெனுவின் டூல் விண்டோஸ் பகுதியிலிருந்து மாஸ்க் மேனேஜரை வரவழையுங்கள். சூத்திரம் எழுதியும், மதிப்பு வரம்பு கொடுத்தும், கையால் வரைந்தும் மாஸ்க் உருவாக்கலாம். என் விதி ஒன்றுதான்: ஒரு காரணத்துக்கு ஒரு மாஸ்க். எல்லாவற்றையும் ஒரே நீளச் சூத்திரத்தில் திணித்தால், விடை தப்பும்போது எந்தப் பகுதி தப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஏரியின் எல்லை. இது இல்லாவிட்டால் கீழ்க்கரைப் பாசன வயல்கள் கணக்கைக் கெடுத்துவிடும். சம்பா நடவு முடிந்த வயலில் தண்ணீர்தானே நிற்கிறது, குறியீடு அதையும் ஏரி என்றுதான் சொல்லும். புதிய வெக்டர் அடுக்கு ஒன்றைத் தொடங்கி, கரையை ஒட்டிப் பலகோணம் வரையுங்கள். வரைந்ததுமே அது மாஸ்க் பட்டியலில் சேர்ந்துவிடும். ஏரிக்கு ஓர் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுக்கில் இரண்டு ஏரிகளை வரைந்தால் இரண்டும் ஒரே மாஸ்க்காகிவிடும்.

அடுத்து தண்ணீர். பி3-இலிருந்து பி8-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த நீர்க்குறியீடு. அதைப் புதிய பட்டையாக்கி, 0 முதல் 1 வரை மதிப்பு வரம்பு மாஸ்க் போடுங்கள். பூஜ்யம் வெறும் தொடக்கம்தான். புதுவெள்ளம் வண்டலோடு வந்திருந்தால் குறியீடு இறங்கிவிடும். ஏரியின் நடுவிலும் ஓரத்திலும் பிக்சல் மதிப்புகளைப் பார்த்து வரம்பைத் திருத்துங்கள். இந்த மாஸ்க்குக்கு நீல நிறம் கொடுக்காதீர்கள். படத்தின் நீலத்தோடு கலந்து பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகும். கத்தரிப்பூ நிறம் எடுப்பாக இருக்கும்.

மூன்றாவது மேகம். வகைப்பாட்டு எண் 3, 8, 9, 10 ஆகியவற்றை 'அல்லது' போட்டு இணையுங்கள். நிழலை விட்டுவிடக் கூடாது. கருத்த நிழல் தண்ணீர்போலவே ஏமாற்றும். மேகத்தின் ஓரங்களை வகைப்பாடு பெரும்பாலும் தவறவிடுகிறது. மாஸ்க்கை 1, 0 என்று பட்டையாக்கி, ஃபில்டர் பட்டியலில் உள்ள டைலேஷனைக் கொடுத்து ஓரத்தைச் சற்று விரித்து, அதை மறுபடி மாஸ்க்காக்குங்கள்.

இப்போது சேர்க்கை. எல்லையும் தண்ணீரும் சந்திக்கும் பகுதியை எடுத்து, அதிலிருந்து மேகத்தைக் கழியுங்கள். கழித்தலுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு: ஒன்று பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும், மற்றது கீழிருந்து மேலாக. விடை தலைகீழாக வந்தால் அங்கே பாருங்கள்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லையும் மேகமும் சந்திக்கும் பகுதியையும் தனி மாஸ்க்காக எடுங்கள். மேகம் மறைத்த இடம் வறண்ட இடம் அல்ல, தெரியாத இடம். 'போன வாரத்தைவிடத் தண்ணீர் குறைந்துவிட்டதே' என்று அறிக்கையைப் பார்த்து யாராவது கேட்டால், முதலில் இந்த எண்ணைத்தான் பார்ப்பேன். எல்லைக்குள் 4 என்று வகைப்பட்ட பிக்சல்களும் அப்படியே. ஆகாயத்தாமரைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது; மேட்டில் வளர்ந்த புதருக்கு அடியில் இல்லை. படம் இரண்டையும் பச்சையாகவே காட்டும். நான் இதைத் தண்ணீரோடு கூட்டுவதில்லை, தனி வரியில் எழுதுகிறேன்.

மாஸ்க்குக்கு எதிரே குறியிட்டால் அது திரையில் தெரியும், அவ்வளவுதான். தரவில் எதுவும் மாறாது. பரப்பளவு வேண்டுமானால் புள்ளியியல் சாளரத்தில் அந்த மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துப் பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். 100 பிக்சல் ஒரு ஹெக்டேர். வேறு மென்பொருளுக்கு ஜியோடிஃப் கோப்பாக அனுப்புவதானால், மாஸ்க்குக்கு வெளியே உள்ளவற்றை வெற்று மதிப்பாக்கிய புதிய பட்டையை உருவாக்கி, 'விர்ச்சுவல்' குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஸ்நாப்பின் மாஸ்க்குகளை மற்ற மென்பொருள்கள் படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூலக் கோப்பை ஸ்நாப்பின் சொந்த வடிவமான டிமாப்பில் வைத்துக்கொண்டால் மாஸ்க்குகள் கூடவே இருக்கும். அடுத்த தேதியின் படத்தையும் இதேபோல ரீசாம்பிள் செய்து, அதே பெயர்களில் பட்டைகளை உருவாக்கிய பிறகு, இவற்றை அதற்கு மாற்றலாம். எல்லை அப்படியே பொருந்தும். நீர் வரம்பை மட்டும் ஒவ்வொரு தேதிக்கும் புதிதாகப் பார்த்து வையுங்கள்.